கொடுக்காப்புளியின் இனிஷியல்

‘கொடுக்காப்புளி யார்?’ என்று ஆறாயிரம் பேர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அந்த வியாழக்கிழமை மத்தியானம், கொடுக்காப்புளி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம், உட்கார்ந்திருந்தாள்.

எழிலரசி. வயது இருபத்தேழு. கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். முடி அளவு பிசகினாலும் கண்டுபிடித்து ஓரமாக எடுத்துப் போடுகிற கண். அதே கண்தான் செல்போனில் ‘கடைசி வட்டம்’ என்ற துப்பாக்கி ஆட்டத்தில், எங்கோ ஒரு மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருப்பவனின் நெற்றியையும் கண்டுபிடிக்கும். டப். ஒரே குண்டு. திரையில் ‘கொடுக்காப்புளி சுட்டது’ என்று வரும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குழுவில் இருந்தார்கள். பெயர், ‘சுட்டுத்தள்ளு சங்கம்’. அங்கே கொடுக்காப்புளி பேசியதே கிடையாது. மைக்கை மூடி வைத்து, எழுத்தில் மட்டும் பதில் போடும். ‘தல’, ‘அண்ணாத்தே’, ‘மாமே’ என்று எல்லோரும் கொண்டாடினார்கள். யாரும் ‘அக்கா’ என்று அழைத்ததில்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் குழுவின் தலைவன் கிருபாகரன் ஓர் அறிவிப்பு போட்டிருந்தான்.

‘நண்பர்களே, முகமூடிகளுக்கு இனி நம் சங்கத்தில் இடமில்லை. சனிக்கிழமைக்குள் ஆதார் அட்டையின் முன்பக்கத்தை அனுப்பி, படிவத்தைப் பூர்த்தி செய்யவும். இனி எல்லோரும் சொந்தப் பெயரில்தான் ஆட வேண்டும். செய்யாதவர்கள் வெளியேற்றப்படுவார்கள். தைரியம் இருப்பவன் சொந்தப் பெயரில் சுடுவான். நான் சுடுகிறேன், நீங்கள்?’

கிருபாகரனுக்குப் பூந்தமல்லியில் செல்போன் கடை. முதல் நாளிலிருந்தே சொந்தப் பெயர், சொந்தப் போட்டோ. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. போன வாரம் மாங்காட்டைச் சேர்ந்த மோகனப்பிரியா என்ற காலேஜ் பெண், சொந்தப் பெயரில் சொந்தக் குரலில் ஆடுகிறவள், ‘நரிக்கொம்பு’ என்ற பட்டப்பெயர்க்காரனை ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை சுட்டுச் சாய்த்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே நரிக்கொம்பு குழுவில் அவளைப் பற்றி எழுதினான். எழுதியதை இங்கே அச்சேற்ற முடியாது. அவள் போட்டோவைத் தேடி எடுத்து, வேறு உடம்போடு ஒட்டி, அதையும் போட்டான். பெண் மூன்று நாள் காலேஜுக்குப் போகவில்லை. குழுவில் அவன் கணக்கைப் பூட்டியதும் நரிக்கொம்பு மாயமானான். அவளுடைய வாட்ஸ்அப்பில் புது எண்ணிலிருந்து முளைத்தான்.

எழிலரசி சோற்றைத் தள்ளிவிட்டு போனில் தட்டினாள்.

‘மோகனப்பிரியா சொந்தப் பேர்ல இருந்ததாலதான் அவனுக்கு போட்டோ கிடைச்சது. இப்போ எல்லாரையும் சொந்தப் பேர்ல நிக்க வெச்சா, அவனுக்கு வேலை மிச்சம். இதுவா பாதுகாப்பு?’

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிடித்துக்கொண்டார்கள்.

‘தப்பு பண்ணாதவனுக்கு இன்னா பயம் மாமே?’

‘இன்னாத்துக்கு நடுங்குற? நீதான் நரிக்கொம்பா?’

‘புளியும் நரியும் ஒரே காடுதான் மச்சான்! மாட்டிக்கினான்!’

அரைமணி நேரத்தில் அது சந்தேகமாக இல்லை, தீர்ப்பாகவே ஆகிவிட்டது. கொடுக்காப்புளிதான் நரிக்கொம்பு.

சைரன் ஊதியது. தயிர்சாதத்தை மூடினாள். காது இரண்டும் கொதித்தன.

*

பயம் இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை. இருந்தது.

மூன்று வருடம் முன்னால் வேறொரு குழுவில் எழிலரசி என்ற பெயரிலேயே ஆடினாள். தோற்றுப்போன ஒருத்தன் அந்தப் பெயரைப் பிடித்து, ஃபேஸ்புக்கைப் பிடித்து, அதிலிருந்த யூனிஃபார்ம் போட்டோவைப் பிடித்து, அப்போது அவள் வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டான். ‘இவ எங்கிட்ட ராத்திரியெல்லாம் பேசினவ, கூப்புடுங்க வெளியே’ என்று ஷிஃப்டு விடுகிற நேரத்தில் நின்று கத்தினான். மூன்று நாள் தொடர்ந்து வந்தான். நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, “கம்பெனி பேர் கெடுதும்மா” என்றார். கெட்டது கம்பெனி பெயராம்! அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கத்தினவன் பெயர் என்ன என்று கடைசிவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்த பிறகு கிடைத்த வேலை இது. இன்னொரு தடவை கேட்டில் எவனாவது வந்து நின்றால் இதுவும் போய்விடும்.

மேனாம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் துடித்தது. மோகனப்பிரியா. தனிச் செய்தி.

‘அண்ணா, எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. நான் நம்பலை. நீங்க நல்லவர்னா பேரைச் சொல்லிடுங்கண்ணா. ப்ளீஸ். எனக்குப் பயமா இருக்கு.’

அண்ணா! எழிலரசி நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கினார்.

அடுத்த செய்தி அவளுடைய டீம் ஆள் தினேஷிடமிருந்து. ‘தல, ஃபாரம் ரொப்பலேன்னா டீமையே தூக்கிடுவேன்றாரு கிருபா அண்ணன். அடுத்த ஞாயிறு ஃபைனலு. அதுவும் அவரு டீமோட. கவுத்துடாத தல.’

வீட்டு வாசலில் எத்திராஜ் படுத்திருந்தது.

எத்திராஜ் தெரு நாய். பழுப்பு நிறம். காலை நீட்டி, தலையை நிமிர்த்தி, போகிற வருகிறவர்களையெல்லாம் வாடகை பாக்கி வைத்தவர்களைப் போல முறைக்கும். தெருவில் யார் எப்போது அந்தப் பெயரை வைத்தார்கள் என்று தெரியாது. பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

படியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். போன் நம்பர். வேலை செய்யும் இடம். தினேஷையும் மோகனப்பிரியாவையும் நினைத்து இரண்டையும் உண்மையாகவே தட்டினாள். ‘குழுவில் முதல் பெயர் மட்டுமே தெரியும், மற்ற விவரங்களை நிர்வாகி மட்டுமே பார்ப்பார்’ என்று கொட்டை எழுத்தில் உறுதிமொழி.

முதல் பெயர்: எழிலரசி.

கடைசிப் பெயர்?

நம் ஊரில் எவனுக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? இருப்பது ஒரு பெயர், கூடவே ஓர் எழுத்து. அந்த எழுத்துக்குள் அப்பா உட்கார்ந்திருப்பார். காலியாக விட்டுப் பார்த்தாள். சிவப்புக் கோடு. ‘ஈ’ என்ற இங்கிலீஷ் எழுத்தை மட்டும் போட்டுப் பார்த்தாள். ‘மூன்று எழுத்தாவது வேண்டும்’ என்றது.

“இன்னா கண்ணு, போனை அப்படி முறைக்கிற? போனு பயந்துடப் போவுது.” அப்பா ஏகாம்பரம் கையில் பன்னோடு வந்து நின்றார். லேத்து பட்டறையில் முப்பது வருடம் நின்ற கால். படியில் உட்காரவே இரண்டு நிமிடம் ஆகும். பன்னைப் பிய்த்து எத்திராஜுக்குப் போட்டார்.

“கேமு ஆடறதுக்கு ஆதாரு கேக்கறானுங்க நைனா. உன் பேரும் வேணுமாம்.”

“ஆதாரா? கேமு நடத்துறானா, ரேசன் கடை நடத்துறானா அவன்? எம் பேரு எதுக்கு? நானா சுடப் போறேன்?”

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. ஒருத்தரை வெறுப்பேற்ற வேண்டுமென்றால் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அவளை ஒருத்தனும் எழிலரசி என்று கூப்பிட்டதில்லை. ‘டேய் ஏகாம்பரம் வருதுடா!’ ‘ஏகாம்பரம், ஹோம்வொர்க் முடிச்சியா?’ ஒருநாள் ஒருத்தன் மூக்கை உடைத்துவிட்டு வந்து, அப்பாவிடம் காரணத்தைச் சொல்லாமலே அடி வாங்கியிருக்கிறாள்.

இவனுங்க வாயிலும் அந்தப் பெயரைப் போடணுமா? முடியாது.

நாய் நிமிர்ந்து அவளை முறைத்தது.

கடைசிப் பெயர்: எத்திராஜ்.

ஏற்றுக்கொண்டது! ஆதார் முன்பக்கத்தில் இங்கிலீஷில் ‘எழிலரசி ஈ’. அந்த ஈ ஏகாம்பரத்துக்கும் சரி, எத்திராஜுக்கும் சரி. தமிழில்தான் வம்பு. அட்டையில் நெடில் ‘ஏ’. எத்திராஜுக்குக் குறில் ‘எ’. செல்போன் கடைக்காரன் தமிழ் வரியையா படிக்கப் போகிறான்?

படிக்கவில்லை. மறுநாள் காலை பச்சை டிக் விழுந்தது. கெடு முடிந்த சனிக்கிழமை ராத்திரி கொடுக்காப்புளி ‘எழிலரசி’ ஆனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழு கொதித்தது.

‘டேய், தல பொண்ணுடா!’

‘பொண்ணு கையிலயா இத்தினி நாளு செத்தேன்? ஊட்ல சொல்லாதீங்கடா.’

‘இவ ஆடி இருக்க மாட்டா. அண்ணன்காரன் ஆடியிருப்பான்.’

‘சிங்கிளா மேடம்?’

இரண்டு நாளில் எழுபது பேர் தனிச் செய்தியில் ‘ஹாய்’ போட்டார்கள். அதில் பாதிப் பேர் போன வாரம் அவளை ‘அண்ணாத்தே’ என்றவர்கள். தினேஷ் மட்டும், ‘ஸாரி தல. உங்ககிட்ட நான் பேசின பேச்சுக்கெல்லாம் ஸாரி’ என்று ஒரு பெரிய பட்டியல் அனுப்பினான். மோகனப்பிரியா ஒரே வார்த்தை அனுப்பினாள். ‘அக்கா!’

புதன்கிழமை. டீ நேரம். வாட்ஸ்அப்பில் புது எண். போட்டோ இல்லை.

‘இன்னாடி எத்திராஜ் மவளே. நரிக்கொம்பு பேசறேன். பொட்டப்புள்ள துப்பாக்கி புடிச்சா நாங்க மூடிகினு குந்தணுமா? ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு வராத. வந்தேன்னா திங்கக்கிழமை காலைல உன் கம்பெனி கேட்டாண்ட நான் நிப்பேன். எத்திராஜ் மவ யாரு யாருகூட இன்னா பேசினான்னு பேனர் வெச்சிச் சொல்றேன்.’

கம்பெனி கேட். டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். மறுபடியுமா? மறுபடியும் அந்த மேனேஜர் ரூமா?

இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஒரு சொல் கண்ணில் குத்தியது.

எத்திராஜ் மவளே.

மூன்றாவது தடவை படித்தாள்.

எத்திராஜுக்கு மகள் உண்டு என்று இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருக்கிறது. எழுதியவள் அவள். பார்த்தவன் ஒருத்தன்.

“அடப்பாவி” என்றாள் வாய்விட்டு. பக்கத்து மேஜையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.

*

சனிக்கிழமை சாயங்காலம் மாங்காடு கோயில் தெருவில் ஒரு ஜூஸ் கடை. மோகனப்பிரியா எதிரில் உட்கார்ந்து ஸ்ட்ராவைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கியிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்து ஃப்ளாட் வாங்கிக் குடியேறின குடும்பம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. நடந்ததில் ஒரு வரிகூட அவர்களுக்குத் தெரியாது.

எழிலரசி காட்டிய செய்தியின் எண்ணை மோகனப்பிரியா தன் போனில் இருந்த நரிக்கொம்பின் எண்ணோடு வைத்துப் பார்த்தாள். ஒரே எண்.

“கிருபா அண்ணாவா? என்னை ‘தங்கச்சி’ம்பாருக்கா. அழாதம்மா, அவனை நான் புடிச்சுத் தரேன்னு சொன்னாரு.”

“புடிச்சுத் தருவான். கண்ணாடில.”

“அப்ப அந்த ரூல்?”

“பட்டியல் வேணும் அவனுக்கு. யாரு பொண்ணு, யாருக்கு எங்க வேலை, யாரை எங்க தட்டினா அடங்குவா. கேட்டா குடுப்பமா? உன்னைக் கொளுத்திப் போட்டான். எல்லாரும் பயந்து ஓடி வந்து நாமளே ரொப்பிக் குடுத்தோம்.”

மோகனப்பிரியா தட்டையான ஸ்ட்ராவை டம்ளரில் போட்டாள். பிறகு, “நாளைக்கு நானும் வாறேன்” என்றாள். குரல் நடுங்கியது. பயமா, கோபமா என்று எழிலரசிக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திருமுடிவாக்கத்தில் வேலை ஏன் போனது என்பதையும் சேர்த்து, முதல் தடவையாக. ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

“இன்னாத்துக்கு நைனா இப்போ?”

“நாளைக்கு நானும் வரேன். எம் பேரைக் கேட்டான் இல்ல? ஆளையே காட்டிட்டு வர்றேன்.”

*

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்புறம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் இருக்க வேண்டிய இடத்தில் கிருபாகரன் கைகட்டி நிற்கிற பேனர். ‘முகமூடி இல்லா முதல் போட்டி’. உள்ளே நானூறு பையன்கள். மாப்பிள்ளை பெண் உட்காருகிற மேடையில் பத்து நாற்காலி, அதற்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. கிருபாகரன் தன் போனை அந்தத் திரையோடு இணைத்திருந்தான். போனில் என்ன தெரிந்தாலும் அப்படியே திரையில் பெரிதாகத் தெரியும்.

கோட் போட்டிருந்தான். சித்திரை வெயிலில் கோட்.

எழிலரசி உள்ளே நுழைந்ததும் அவன் முகத்தில் ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சிரிப்பு கழன்று விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டான்.

“வாங்க சிஸ்டர்! நம்ம சங்கத்தோட பெருமை! கைதட்டுங்க நண்பர்களே!”

தட்டினார்கள். விசில் பறந்தது. ஏகாம்பரம் முதல் வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோகனப்பிரியா கதவோரம் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எழிலரசி மைக்கை வாங்கினாள்.

“ஒரு சந்தேகம்ணே. ஆதாரு, போன் நம்பரு, கம்பெனி பேரு எல்லாம் குடுத்தோமே. அதை யார் யார் பாக்கறீங்க?”

“நல்ல கேள்வி!” அவனுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பிடித்திருந்தது. சபையைப் பார்த்துத் திரும்பினான். “நான் ஒருத்தன்தான் நண்பர்களே. இந்த போன்ல மட்டும்தான். என் விரல் பட்டாத்தான் திறக்கும். என் சொந்தத் தம்பிக்கே காட்டினதில்ல!”

மறுபடி கைதட்டல்.

“அப்போ அதைப் பாத்து என் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. ஃபைனல் மேடையில கேப்டனை முழுப் பேர்ல கூப்பிடணும்னு நீங்கதானே ரூல் போட்டீங்க.”

அவன் போனைத் தட்டினான். திரையில் பட்டியல் விரிந்தது. பெயர், போன் நம்பர், வேலை செய்யும் இடம், வரிசை வரிசையாக. ‘டேய், என் நம்பர்ரா அது!’ என்று பின்னால் ஒருத்தன் அலறினான். ‘மூடுண்ணே, மூடு!’ கிருபாகரன் பதறி மூடினான். அதற்குள் பார்த்துவிட்டான்.

“எழிலரசி எத்திராஜ்!”

“இன்னொரு தபா சொல்லுங்க.”

“எழிலரசி... எத்திராஜ்.”

எழிலரசி தன் போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ‘இன்னாடி எத்திராஜ் மவளே’ என்று ஆரம்பித்து ‘பேனர் வெச்சிச் சொல்றேன்’ வரை. ஒரு எழுத்தை விடாமல், குரலை ஏற்றாமல், ஆபீஸ் சர்க்குலர் படிப்பதைப் போல.

“இது நரிக்கொம்பு எனக்கு அனுப்பினது. புதன்கிழமை. எங்கப்பா பேரு எத்திராஜ் கிடையாது. ஏகாம்பரம். அதோ, வெள்ளைச் சட்டை.”

ஏகாம்பரம் எழுந்து நின்றார். நானூறு தலை திரும்பியது.

“எத்திராஜ் எங்க தெரு நாயிப்பா” என்றார் நிதானமாக. “பன்னு துன்னும். நல்ல நாயி. அதும் பேரைக் கெடுத்துடாதீங்க.”

சிரிப்பு வெடித்தது. எழிலரசி சிரிக்கவில்லை.

“அந்தப் பேரை நான் வேற எங்கயும் எழுதல. உன் ஃபாரத்துல மட்டும்தான் எழுதினேன். நீ ஒருத்தன்தான் பாக்கறேன்னு இப்பத்தான் மைக்ல சொன்ன. அப்போ நரிக்கொம்புக்கு எப்படித் தெரிஞ்சுது கிருபாகரா?”

சிரிப்பு பட்டென்று நின்றது.

“ஹே... ஹேக்கு!” கோட்டுக்குள் அவன் கழுத்து நனைந்திருந்தது. “எவனோ ஹேக் பண்ணிகிறான்! எனக்கு இன்னா தெரியும்? ஜெயிக்க முடியலன்னு டிராமா போடுறா நண்பர்களே!”

“ஆமா, ஹேக்குதான்!” அவன் டீம் பையன்கள் எழுந்தார்கள். “பொம்பளைங்க வந்தாலே இதான் மாமே, பேஜாரு!” “இறங்கும்மா கீழே!” யாரோ காலித் தண்ணீர் பாட்டிலை மேடைக்கு வீசினான். தினேஷ் குறுக்கே பாய்ந்து தடுத்தான். சபை இரண்டாகப் பிளந்து கத்தியது. எழிலரசியின் கையிலிருந்த மைக்கை ஒருத்தன் பிடுங்கினான். அவள் போட்டு வைத்திருந்த திட்டம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை.

அப்போது மேடைத் திரை முழுக்கப் பச்சையாக மாறியது. ஒரு ரிங்டோன், மண்டபத்து ஸ்பீக்கரில், காதைப் பிளந்தது.

கிருபாகரனின் போனுக்கு அழைப்பு. இரண்டாவது சிம். திரையில் மூன்றடி உயர எழுத்தில், அவன் சேமித்து வைத்திருந்த பெயர்:

‘மாங்காடு குட்டி’.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். தூணோரத்தில் மோகனப்பிரியா, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. கை மட்டும் ஆடவில்லை.

“நரிக்கொம்பு நம்பருக்குத்தான் போன் பண்ணுதேன்!” என்று கத்தினாள். “எடுங்கண்ணா! தங்கச்சி பேசுதேன், எடுங்க!”

அவன் எடுக்கவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தான். திரை அணைந்தது. ரிங்டோன் மட்டும் அவன் கைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது.

பாட்டில் வீசினவனே முதலில் மேடையேறினான். கோட்டைப் பிடித்தான். இன்னும் பத்துப் பேர் பாய்ந்தார்கள்.

“தொடாதீங்க!” எழிலரசிக்கு இப்போது மைக் தேவைப்படவில்லை. “போன வாரம் என்னை நரின்னீங்க. இப்போ இவனை அடிச்சி நல்லவனாவப் போறீங்களா? ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. ரெண்டு அறை வாங்கிட்டு ஊட்டுக்குப் போவான், நாளைக்கு வேற பேர்ல வருவான். கதவைச் சாத்துங்க. போனை வாங்கி எங்கப்பா கையில குடுங்க. போலீஸுக்குப் போன் பண்ணுங்க.”

“சும்மா விளையாட்டுக்குத்தான்...” கிருபாகரன் முனகினான். “சத்தியமா, சும்மா விளையாட்டுக்கு...”

“எங்களுக்கும் விளையாட்டுதாண்டா அது!” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “நீதான் எங்களை விளையாடவே உடல!”

*

ரோந்து வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போனது. புகாரை ஆவடி சைபர் கிரைம் நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுத்து, போனையும் அங்கேயே ஒப்படைக்கச் சொன்னார்கள். பூந்தமல்லி வழியாக ஷேர் ஆட்டோ. ஏகாம்பரம் முன்சீட்டில். பின்னால் இரண்டு பெண்களும்.

“ஃபைனல் என்னாச்சுக்கா?”

“தினேஷ் கேட்டான். ஆடலாமா தல, ஆள் ரெடின்னு. கப்பைத் தூக்கிப் போய் டீ போட்டுக் குடின்னு சொல்லிட்டு வந்தேன்.”

கொஞ்ச தூரம் போனதும் மோகனப்பிரியா மெதுவாக ஆரம்பித்தாள். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அவன் பேரு தெரிஞ்சதாலதானே இப்பப் புகார் குடுக்கப் போறோம்? நரிக்கொம்புன்னே இருந்திருந்தா யார் மேல குடுக்க? அப்ப சொந்தப் பேரு வேணும்தானே?”

“அவன் பேரு வேணும். எம் பேரு எதுக்குடி?”

“எல்லாருக்கும் ஒரே ரூல்தானேக்கா போட முடியும்? தப்பு பண்ணுறதுக்கு முன்னால யார் நரின்னு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்வி நியாயமாக இருந்ததே எழிலரசிக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காவல் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு மணி நேரம் பெஞ்சில். கூப்பிட்டதும் ஒரு பெண் காவலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படிவத்தை நீட்டினார்.

“பேரு, அப்பா பேரு, வீட்டு அட்ரஸ், வேலை பாக்கற இடம், போன் நம்பர். தெளிவா எழுதும்மா.”

எழிலரசி பேனாவை எடுத்தாள். பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“இந்தப் பேப்பரை யார் யார் பாப்பாங்க மேடம்?”

“ஏன்?”

“சொல்லுங்க. சொன்னப்புறம் எழுதறேன்.”

“நான் பாப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா பாப்பாரு, அப்புறம் கோர்ட்டு.”

“அவங்க பேரையும் சொல்லுங்க. குறிச்சிக்கறேன்.”

காவலர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். எழிலரசியை, அழுது வீங்கின முகத்தோடு நிற்கிற மோகனப்பிரியாவை, வெள்ளைச் சட்டையில் ஒரு போனைக் கைக்குட்டையில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிற ஏகாம்பரத்தை. திட்டத்தான் போகிறார் என்று தோன்றியது. நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

“கலைவாணி. எழுதிக்க. இன்ஸ்பெக்டர் பேரு வெளியில போர்டுல இருக்கு. போதுமா?”

எழிலரசி உள்ளங்கையில் ‘கலைவாணி’ என்று எழுதிக்கொண்டாள். மையை ஊதிக் காயவைத்தாள். பிறகு குனிந்து அப்பா பெயரை எழுதத் தொடங்கினாள். முதலில் குறில் ‘எ’ வந்தது. அதை நெடிலாக்குகிற கோட்டைக் கீழே இழுத்தபோது, அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

“வேற ஃபாரம் குடுங்க மேடம்” என்றாள்.